மாறிப்போன குங்கிலியம்

கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த புதிதில் எனக்குக் குங்கிலியத்துக்கும் கற்கண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் பிறந்தது சோழபுரத்தில். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் பஸ் ஏறி டாக்டரிடம் போவோம், ஊசி போட்டுக்கொண்டு திரும்புவோம். நாட்டு மருந்துக் கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்படுவேன் என்று நானும் நினைக்கவில்லை, என் அம்மாவும் நினைக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனாரும் என் வீட்டுக்காரரும் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானம் அவர்கள் சாப்பிடுகிற அரைமணி நேரம் மட்டும் நான் போய் உட்காருவேன். அந்த அரைமணி நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். மில்லில் காலை ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சுத் துணுக்கோடு வருகிறவர்கள், தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

"குங்கிலியம் ஒரு பொட்டலம் குடுங்க மதினி. சூட்டுக்கு."

சூடு என்றால் வெள்ளைப்படுதல் என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. ஆண்களும் அதே 'சூட்டுக்கு' என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்கு அது மூலம். பித்தவெடிப்புக்காரர்கள் மட்டும் வெட்கப்படாமல் காலைத் தூக்கியே காட்டிவிடுவார்கள். எல்லாருக்கும் என் மாமனார் எடுத்துக் கொடுத்தது ஒரே தகர டப்பாவிலிருந்துதான். அதில் வெளிர்மஞ்சள் நிறத்தில், உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் போல அந்தப் பிசின் கிடக்கும். மரத்தைக் கீறினால் வடிந்து, காற்றுப்பட்டுக் காய்ந்து இறுகுவது. அதைப் பொடித்து நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி எடுத்தால் வெண்ணெய் மாதிரி வரும், தீப்புண்ணுக்கு அதைப்போல வேறு கிடையாது என்று மாமனார் வருகிறவர்களுக்குச் சொல்வது என் காதில் விழும். மலையிலிருந்து வரும் கருங்குங்கிலியம் வேறு. பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் புகை போட அதைக் கேட்டு வாங்கிப் போவார்கள். இதெல்லாம் காதால் கேட்டதுதான். நான் எதையும் காய்ச்சிப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மாமனாருக்குக் கண்புரை அறுவைசிகிச்சைக்கு மதுரையில் நாள் குறித்தார்கள். என் வீட்டுக்காரர் கூடப் போனார். ஐந்து நாள் கடையை நான் தனியாகப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி, "நான் இருக்கேம்லா, எதுன்னாலும் ஒரு குரல் குடு தாயி" என்றார். எனக்குப் பயமில்லை. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமையில்தான் முதல் நாளே அலமாரியைத் துடைத்தேன். எத்தனை வருஷத்துத் தூசியோ தெரியவில்லை, டப்பாக்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. ஒவ்வொன்றாக இறக்கி, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து வெயிலில் வைத்தேன். சாயங்காலம் திரும்ப அடுக்கினேன். தகரம் பளபளவென்று இருந்தது. டப்பாக்களின் மேல் மாமனார் சாக்பீஸால் எழுதியிருந்ததையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மிளகு, திப்பிலி, கடுக்காய் எல்லாம் பார்த்தாலே தெரியுமே என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில், பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கிற ஜின்னிங் பேக்டரியில் மெஷின் பார்க்கும் பிட்டர் ஒருவர் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பெண்ணே என்பதற்கு அவர்கள் பேச்சில் சொல்வதுபோல என்னை அம்மாயி என்றுதான் கூப்பிடுவார். பேக்டரி மோட்டாரில் பெல்ட் வழுக்கினால் பூசுவதற்கு ஒரு பிசின் உண்டு, ரோசின் என்பார்கள். மருந்துக் கடையில் அது எதற்கு என்றால், மாமனார் காலத்திலிருந்தே பேக்டரிக்காரர்கள் எங்களிடம் வாங்கிப் பழக்கம். அதுவும் மஞ்சளாக, சில்லுச் சில்லாக, குங்கிலியத்துக்குப் பக்கத்து டப்பாவில்தான் இருக்கும். அவர் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் இன்னொருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையில் பால் காய்ந்த வாசனை. கையில் காலியான தகரப் பெட்டி.

"குங்கிலியம் நூறு கிராம் போடு தாயி. நல்லதாப் பாத்துப் போடு."

"எதுக்குண்ணே?" என்று கேட்டேன். மாமனார் அப்படித்தான் கேட்பார்.

"வில்லிபுத்தூர்ல பால்கோவா போடுதோம். போன வாரத்துக்கு முந்தின வாரம் சட்டியை எறக்கையில வீட்ல அவ கையில கொட்டிருச்சு. முக்காப் பதத்துல இருந்த பாலு, அப்படியே ஒட்டிக்கிட்டு. முழங்கையில இருந்து வெரல் வரைக்கும் வெந்துபோச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போகாமலா? இம்புட்டு நாளும் அங்கதான் கட்டு. நேத்துக் கட்டைப் பிரிச்சுட்டாக. பொக்குளம் அமுங்கிருச்சு. ஆனா புதுத்தோலு காஞ்சு இழுக்கு, எரியுதுன்னு அனத்துதா. குங்கிலிய வெண்ணெய் போடலாமான்னு நர்ஸம்மாட்டக் கேட்டுட்டா. ஈரமில்லைன்னாப் போட்டுக்கோன்னு சொல்லிட்டாக. இங்க பஸ் ஸ்டாண்டுக் கடைக்குக் கோவா கொண்டாந்தேன், அப்படியே வாங்கிட்டுப் போவோம்னு வந்தேன்."

நல்லதாகப் பார்த்துத்தான் போட்டேன். தூள் இல்லாமல், பெரிய பெரிய சில்லாகப் பொறுக்கி, இரண்டு தாள் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். "சீக்கிரம் ஆறிரும்ணே" என்று வேறு சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பிட்டர் திரும்பி வந்தார். கோபமில்லை, சிரிப்பு.

"ஏம் அம்மாயி, என்னத்தைக் குடுத்த? பெல்ட்டுல போட்டா மாவா உதுருது. கொஞ்ச நேரத்துல பேக்டரி பூராச் சாம்பிராணி வாசம். மேனேஜரு வந்து, என்னப்பா உள்ள பூசையான்னு கேக்காரு."

நானும் முதலில் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு டப்பாவையும் இறக்கி வைத்தேன். அவர் ஒன்றிலிருந்து ஒரு சில்லை எடுத்து விரலில் வைத்துத் தேய்த்தார். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டன. பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாசனை வந்தது. "இதுதான் என்னுது" என்றார். மற்றதைத் தேய்த்தார். அது பொடியாக உதிர்ந்தது.

அவருடையது என்று அவர் காட்டிய டப்பாவிலிருந்துதான் முந்தின நாள் மத்தியானம் நூறு கிராம் நிறுத்துக் கட்டியிருந்தேன்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணே, இதைப் புண்ணுல போட்டா என்ன ஆகும்?"

"புண்ணுலயா? ஒருக்கா எனக்குக் கீறல்ல பட்டுச்சு. செவந்து வீங்கி, ரெண்டு நாளு எரிச்சல் தாங்கலை. அதை யாராச்சும் புண்ணுல போடுவாங்களா?"

முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் என்று அந்த மனிதர் சொன்னது அப்படியே காதில் கேட்டது. கீறலுக்கே இப்படி என்றால், தோல் உரிந்த கை முழுவதும் அதைப் பூசினால்? பூசிய பிறகு அது ஒட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது? நேற்று மத்தியானம் வாங்கிப் போனவர் சாயங்காலமே காய்ச்சியிருப்பார். அந்த அம்மாள் ராத்திரி முழுவதும் துடித்திருப்பாள்.

பிட்டருக்குச் சரியான பிசினைக் கொடுத்து அனுப்பினேன். உண்மையான குங்கிலியத்தை ஒரு பொட்டலம் கட்டினேன். அவசரமாக இழுத்ததில் நூல் இரண்டு தடவை அறுந்தது. பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"மொதல்ல கெளம்பு. கடையை நான் பாத்துக்கிடுதேன். விலாசம் தெரியுமா?"

தெரியாது. பஸ் நிலையத்தில் பால்கோவா விற்கிற கடைகள் மூன்று இருந்தன. இரண்டாவது கடையில் கேட்டபோது, "ஆமா, நமக்குத்தான் போடுதாரு. அவரு சம்சாரத்துக்குக் கை வெந்துபோச்சுன்னு சொன்னாரே" என்று கடைக்காரர் வழி சொன்னார். கோயிலுக்கு வடக்கே மூன்றாவது தெரு, வாசலில் வேப்பமரம், பின்னால் மாட்டுக் கொட்டம்.

வில்லிபுத்தூருக்கு அரைமணி நேரப் பயணம்தான். அன்றைக்கென்று பஞ்சுப்பொதி ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போக, பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். டப்பா மாறிப்போச்சு என்று சொல்லலாம். அது டப்பாவின் குற்றம் மாதிரி இருந்தது. வாய்க்குள் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை. கோபுரம் கண்ணில் பட்டதும் கை தானாகக் கும்பிட்டது. கைக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது தாயே என்பதற்கு மேல் எனக்கு வேண்டத் தெரியவில்லை.

வேப்பமரத்து வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெருமுனையிலேயே பால் சுண்டுகிற வாசனை வந்தது. அந்த மனிதர் முற்றத்து அடுப்பில், பெரிய இரும்புச் சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யாரென்று தெரியாமல் விழித்தார். பிறகு முகம் இறுகியது.

"நீ மருந்துக்கடைப் பிள்ளைதான?"

"ஆமாண்ணே. நேத்து வாங்கிட்டு வந்தீகளே, அதைக் காச்சிட்டீகளா?"

"நேத்துச் சாயங்காலமே காச்சியாச்சு" என்றார்.

பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்போது உள்ளேயிருந்து பெண்குரல் கேட்டது.

"காச்சுனதோட சரி. அதை ஏன் பாதியில நிறுத்துதீக? முழுசாச் சொல்லுங்க. பாவம், அந்தப் பிள்ளை மொகத்தைப் பாருங்க."

அந்த அம்மாள் வாசற்படிக்கு வந்தாள். மெலிந்த தேகம், கருகருவென்ற கண்கள். வலது கையை மடக்காமல், யாருடைய கையையோ தாங்குவது போல இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். கை சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. வீக்கமில்லை. பிசுபிசுப்பு ஏதும் இல்லை. அதை நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

"போடலையாக்கா?"

"போடுவேனா? எண்ணெயில உருகும்போதே தெரிஞ்சுபோச்சே. நான் கல்யாணத்துக்கு முந்தி உங்க ஊரு ஜின்னிங் பேக்டரில ஆறு வருசம் இருந்தவ. பெல்ட்டுக்குப் பூசுத பிசின் வாசம் எனக்குத் தெரியாதா? இவியட்டச் சொன்னேன், எறக்குங்க, இது அது இல்லைன்னு. இவிய கேக்கணுமே. தண்ணியை விட்டுக் கழுவு கழுவுன்னு கழுவுனாரு. வெளுக்கவா செய்யும்? கோந்து மாதிரிக் கையில ஒட்டிக்கிட்டு, வெரலைப் பிரிக்க முடியாம நின்னாரு."

அவர் சட்டியைக் கிண்டுகிற வேகத்தைக் கூட்டினார். "காசு குடுத்து வாங்குனதைக் கொட்ட மனசு வரலை. செங்கப்பொடியைச் சேத்து மாட்டுத் தொட்டி வெடிப்புல அடைச்சுட்டேன். இப்பத் தண்ணி ஒழுகலை" என்றார்.

நான் தூணைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும் வந்தது. காலையிலிருந்து மூச்சை இழுத்துப் பிடித்து வைத்திருந்தேன் என்பது அதை விட்டபோதுதான் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸில் சொல்லிப் பார்த்த எதையும் சொல்லாமல், "நான்தாங்க்கா தப்பா எடுத்துக் குடுத்துட்டேன். எழுதியிருந்ததை நானே அழிச்சுட்டேன், பாக்காமக் குடுத்துட்டேன்" என்றேன்.

"இவிய நாளைக்கு ராசபாளையம் வந்து சண்டை போடணும்னு இருந்தாவ" என்று அவள் சிரித்தாள். "நீ முந்திக்கிட்ட."

"சண்டையா? கேக்கணும்னுதான் சொன்னேன்" என்றார் அவர், நிமிராமலே.

மோர் கொடுக்கச் சொன்னாள். இரண்டு டம்ளர் குடித்தேன். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். ஒரு சில்லை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அவர் அடுப்பை விட்டு நகர முடியாது. பால் பாதியில் இருந்தது. அவள் கையோ அந்த நிலையில். வந்த வேலை முடிந்தது என்று எழுந்து போக எனக்கு மனசில்லை.

"நான் காச்சுதேன்க்கா. எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

"மருந்துக்கடை வச்சிருக்கிய, காச்சத் தெரியாதா?"

"தெரியாது."

அதற்கும் சிரித்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். குங்கிலியத்தை உரலில் போட்டு இடித்துச் சலித்தேன். வாயகன்ற சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, தணலை ஒதுக்கிவிட்டு மெல்லச் சூடாக்கினேன். பொடியைத் தூவத் தூவ அது எண்ணெயோடு கரைந்தது. கோயில் பிரகாரத்தில் நிற்பது போல ஒரு வாசனை வந்தது. "இதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள் அந்த அக்கா. துணியில் வடிகட்டி, சூடு கொஞ்சம் இறங்கியதும் தண்ணீரை விட்டுக் கையால் அடிக்கச் சொன்னாள்.

அடித்தேன். மஞ்சளாகக் குழம்பியது. தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். திரும்ப அடித்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. தோள்பட்டை கடுத்தது. மஞ்சள் அப்படியே இருந்தது. இதிலும் ஏதாவது தப்பு நடந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"வருமாக்கா?"

"செத்த நேரம் பொறு. பாலோடயே கெடக்கேன், எது எப்பத் திரளும்னு எனக்குத் தெரியாதா? கையை நிறுத்தாத."

நிறுத்தவில்லை. அடுத்த தண்ணீரில் நிறம் கொஞ்சம் வெளுத்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். பிறகு என் விரல்களுக்கு அடியில் கனமாக, வழவழவென்று உப்பிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெண்ணெய் நிறத்துக்கு மாறிவிட்டது. "அண்ணே, வந்துருச்சு!" என்று கத்தினேன். அவர் துடுப்போடு எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார். அங்கே பால் அடிப்பிடித்துவிடும்.

முதல் பூச்சையும் என்னையே போடச் சொன்னாள். பயந்து பயந்து, ஒரு விரலால் எடுத்து, முழங்கைக்குக் கீழே தொட்டும் தொடாமலும் தடவினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாதிக் கை வந்தபோது தாடை தளர்ந்தது. தோளை இறக்கிச் சுவரில் நன்றாகச் சாய்ந்தாள்.

"குளுந்துபோச்சு" என்றாள். "எம்புட்டு நாளாச்சு, ஏட்டி."

அத்தனை நாள் அனத்தியவள் செத்த நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அவர் அடுப்பிலிருந்து ஜாடை காட்டினார், எழுப்பாதே என்று. மீதி வெண்ணெயைத் தண்ணீரோடு ஒரு பீங்கான் ஜாடியில் போட்டு மூடிவைத்தேன். கிளம்பும்போது சூடு ஆறாத பால்கோவாவை ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, வாங்கிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று பாராமல் பாதியைத் தின்றுவிட்டேன். மீதி அண்ணாச்சிக்கு.

இரண்டு நாள் கழித்து மாமனார் கண்ணில் பச்சைத்துணி மறைப்போடு வந்து இறங்கினார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "பேக்டரியில பெல்ட்டு ஓடுதா?" என்பது. என் வீட்டுக்காரர்தான் முகம் சுண்டிப்போய் எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் கறுப்பு பெயிண்டும் பிரஷும் வாங்கிவந்து, "நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்றார். ரோசினை மட்டும் கீழ்த்தட்டுக்கு, கயிறு சணல் பக்கம் இறக்கினோம். அதற்குப் பிறகு மத்தியானம் மட்டுமல்ல, நினைத்தபோதெல்லாம் நான் கடையில் உட்கார்ந்தேன். தொண்ணூறுகளில் குங்கிலிய வெண்ணெயை நானே காய்ச்சிச் சின்ன டப்பாக்களில் விற்கவும் செய்தேன். தீப்புண் என்று வருகிறவர்களிடம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்காமல் கொடுத்ததில்லை.

கார்த்திகை முடிகிற சமயம் ஒருநாள் மத்தியானம், கடை வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் அந்த அக்கா. தலை நிறையப் பூ. வலது கையை மேஜைமேல் நீட்டினாள். முழங்கைக்குக் கீழே தோல் இளஞ்சிவப்பாக, இஸ்திரி போட்டதுபோல வழவழப்பாக இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு திட்டு மட்டும் சுருங்கியிருந்தது. அது போகாது என்றாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, முஷ்டி பிடித்து, திரும்ப விரித்துக் காட்டினாள்.

"சட்டியைத் தூக்குதீகளா?"

"போன வெள்ளிக்கிழமையில இருந்து நான்தான் கிண்டுதேன். இவிய கிண்டுனதை வாங்கித் தின்னவுக வாயில பாவம், எல்லாம் அடிப்பிடிச்ச வாசம்."

உள்ளே வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றாள். சாமான் வாங்க வரவில்லையாம்.

"வளையல் போடணும். கையில ஒண்ணும் போட முடியாம மொட்டையாக் கெடந்துச்சு. தனியாப் போகப் பயமா இருக்கு, வளையல்காரன் அழுத்திக்கிழுத்தி ஏத்தினாத் தோலு வந்துருமோன்னு. நீ கூட வாரியா?"

வீட்டுக்காரரைக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். வளையல்காரர் வயதானவர். கையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கேட்காமலே ஒரு அளவு பெரிதாக எடுத்து, விரல்களைக் குவிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக ஏற்றினார். அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அந்தச் சுருங்கிய திட்டின் மேல் முதல் வளையல் போகும்போது நானும் மூச்சுவிடவில்லை. அது வழுக்கிக்கொண்டு இறங்கி மணிக்கட்டில் நின்றது.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லை" என்றாள் ஆச்சரியமாக. பிறகு வளையல்காரரைப் பார்த்து, "பச்சையில ஒரு டஜன் போடுங்க. இவளுக்கும்" என்றாள்.